காந்தலூருக்குக் கட்டுச்சோறு

அத்தியாயம் 17

கோமதியைப் போன வாரம் அடுப்படியில், கையில் புளியோடு நிற்கவைத்துவிட்டுப் போனோம். பாவம், இந்த வாரமும் அங்கேயேதான் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வியாழக்கிழமையே புளியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறவளை என்ன சொல்வது? ஆசை யாரை விட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழிஞ்சாம்பாறை மோகனசுந்தரத்தின் மகள் யோகப்பிரியா, வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துப் பையன் ரிஜினைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. ரிஜின் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். தமிழ்ப் பையன்தான், தங்கமான பையனுந்தான். ஆனால் மோகனசுந்தரம் அன்றைக்கே கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து, "இனி இந்த ஊட்டுல அவ பேரு கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. வீட்டிலும் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை, உறவிலும் யாரும் எடுப்பதில்லை.

அதனால்தான், மகளும் மருமகனும் வண்டன்மேட்டை விட்டுக் காந்தலூருக்குக் குடி மாறி, ரிஜின் அங்கே ஒரு பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்பதும் அவருக்குத் தெரியாது. மகளுக்கு இது ஏழாம் மாதம் என்பதும் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி, பெற்ற அப்பனுக்கு மட்டும் தெரியாது.

கோமதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கத்து வழக்கத்தில் தலைப்பிள்ளைக்காரிக்கு ஏழிலோ ஒன்பதிலோ தாய்வீட்டார் ஒற்றைப்படையில் வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய், உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். கட்டுச்சோறு என்று பேர். ஆயிரம் பகை இருந்தாலும் இதை எவரும் விடுவதில்லை. ரிஜினின் அம்மா செபமாலையம்மாள்கூடப் போன வாரம் ரகசியமாகப் போன் பண்ணிச் சொன்னாள்: "எங்கள்ல சடங்கெல்லாம் வேற மாதிரி மயினி. ஆனா ஒங்க வழக்கத்த நீங்க வந்து செய்யுங்க. புள்ள வாயத் தொறந்து கேக்கல. வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

அதைக் கேட்டதிலிருந்து கோமதிக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் இருக்கிற மருமகள் ஜீவிதாதான் வழி கண்டுபிடித்தாள். ஓண லீவுக்குக் காந்தலூர் டூர் போவோம், மாமா தன் மகனோடு தோட்டம் துரவு பார்க்கப் போகிற நேரத்தில் நாம் இரண்டு பேரும் நழுவிப்போய்ப் பரிமாறிவிட்டு வந்துவிடுவோம் என்றாள். மகன் அருள்குமாரும் தலையாட்டினான். மோகனசுந்தரத்துக்கு மலைமேல் ஆப்பிள் காய்க்கிறது என்று சொன்னதே போதும். கிளம்பிவிட்டார்.

இனி வியாழக்கிழமை காலை.

மோகனசுந்தரம் போனைக் காதில் வைத்துப் பேசிக் கோமதி பார்த்ததே கிடையாது. மேஜைமேல் கிடத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, எதிர் வரப்பில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி பேசுவார். இப்போதும் அப்படித்தான். பெங்களூரிலிருந்து அருள்குமார்.

"அப்பா, மேப்பு அவினாசி, பல்லடம் வழியாக் காட்டுதுங்க."

"மேப்பு போட்டவன் பல்லடத்துல லாரிக்குப் பொறத்தால நின்னிருக்கானாடா? பெருந்துறையில திரும்பு. காங்கயம், தாராபுரம், நேரா உடுமலை. தேங்கா லோடு ஏத்திக்கிட்டு நான் போகாத ரோடா?"

"சரிங்கப்பா."

"சனிக்கெழம பொழுதோட தாராபுரம் வந்து ரூம் போட்டுப் படுத்துக்க. நாங்க காத்தால பொள்ளாச்சி வழியா உடுமலை வந்தர்றோம். ஒம்பதாறு செக்போஸ்ட்டை நேரத்துலயே தாண்டிப்போட்டா, வெயில் ஏறறதுக்கு முந்தி சின்னாறு காடு தாண்டி மறையூரு. ஆனை கீனை குறுக்க நின்னா ஆரனடிக்காத. நின்னு, அது போனப்பறம் போ."

"ஞாயித்துக்கெழம சூலம் கீலம் ஏதாச்சும் இருக்குதுங்களாப்பா?"

"மேக்கதான் சூலம். நாம போறது தெக்கயும் கெழக்கயும். அதெல்லாம் பாக்காமயா நாள் குறிச்சேன்."

மகன் கிண்டலுக்குக் கேட்டது அவருக்குப் புரியவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்த கோமதிக்குப் புரிந்தது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் மனுஷனை இவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததில்லை. நேற்று சலூனுக்குப் போய்விட்டு வந்தார். பழைய பெட்டியிலிருந்து குரங்குக் குல்லாயைத் தேடி எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். இவ்வளவையும் ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம், ஏமாற்றாவிட்டால் பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய்ச் சோறு போகாதே என்று மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து நசுங்கினாள்.

"மத்தியானத்துக்கு மறையூர்ல ஓட்டல் இருக்குது. மீன் வறுவல் நல்லாருக்குமாம்" என்றார் மோகனசுந்தரம், போனைப் பார்த்து.

கோமதி இந்த இடத்துக்காகத்தான் நின்றிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, ஓட்டல் சோறு உங்களுக்கு ஒத்துக்காதுங்களே. நான் வேணா நாலஞ்சு வகை கிண்டி எடுத்துக்கறனுங்க."

"நாலஞ்சு எதுக்கு? புளிச்சோறும் தயிர்ச்சோறும் பத்தாதா?"

"ஜீவிதாவுக்கு எலுமிச்சஞ்சோறுன்னா உசுருங்க. அருளுக்குத் தேங்காச்சோறு. எனக்குப் பருப்புச்சோறு. எல்லாஞ் சேந்தா அஞ்சாயிருதுங்களே."

பருப்புச்சோறு யாருக்குப் பிடிக்கும் என்பது அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். மோகனசுந்தரம் கவனிக்கவில்லை. போன வாரமெல்லாம் கோமதி ஒரு வார்த்தையை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டு வந்தாள். சோறு கட்டிக்கலாம், கிண்டிக்கலாம், எடுத்துக்கலாம் என்று எப்படியெல்லாமோ சுற்றிச் சுற்றிப் பேசினாள். அந்த வார்த்தையை அவரே தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்.

"கட்டுச்சோறு கட்டிட்டுப் போலாங்கற. அதுஞ்செரி. டேய் அருளு, கேட்டயா, அம்மா கட்டுச்சோறு கட்டியாறாளாம்."

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிங்கப்பா" என்றான் அருள்குமார், ஒரு இருமல் இருமிவிட்டு.

பலகாரம் கைக்கு வந்ததும் பந்திக்கு ஆள் தேடுகிற ஜாதி மோகனசுந்தரம். கட்டுச்சோறு என்று வாயால் சொன்ன மாத்திரத்தில் அவருக்குக் கார் பத்தாமல் போயிற்று.

"வேன் சொல்லிரலாம் கோமதி. பொங்கியண்ணனைக் கூப்புடலாம். அக்காளைக் கூப்புடலாம். பெரிய ஆப்பிள் மரமெல்லாம் அக்கா எங்க பாத்திருக்கப்போறா."

"நம்ம மட்டும் போனாப் போதாதுங்களா?"

"நீ ஒண்ணு. ஒறம்பரை, சொந்தபந்தம் இல்லாமப் போயி மரத்தையும் மட்டையையும் பாத்துட்டு வாறதுல என்ன சொகம் இருக்குது?"

அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்? வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. கிணற்றடிக்குப் போய் மருமகளுக்குப் போன் பண்ணினாள்.

"பயப்படாதீங்க அத்தை. ஆளு சாஸ்தியா இருந்தாத்தான் நாம நழுவறது தெரியாது" என்றாள் ஜீவிதா. பெங்களூர்க் கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கோமதி மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

வரும்போது கூடத்தில் அவர் குரல் கணீரென்று கேட்டது. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நாங்க குடும்பத்தோட காந்தலூருக்குக் கட்டுச்சோறு கட்டிட்டுப் போறமுங்க. வேன் சொல்லியாச்சு. சௌகரியப்பட்டவிய எல்லாரும் வாங்க. சந்தோசமாப் போயிட்டு வரலாம்."

கட்டைவிரலை எடுத்தார். பங்காளிகளும் அக்கா தங்கைகளும் மாமன் மச்சான்களுமாக மொத்தச் சொந்தமும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்தக் குரூப்பில் இல்லாதவள் ஒருத்திதான். அவளை நீக்கினதும் அதே கட்டைவிரல்தான்.

கோமதி தூணைப் பிடித்துக்கொண்டாள். காந்தலூருக்கு. கட்டுச்சோறு. குடும்பத்தோட. இதைக் கேட்கிற எந்தக் கொங்குக் காது டூர் என்று எடுத்துக்கொள்ளும்? அதுவும் காந்தலூரில் யார் இருக்கிறாள் என்று தெரிந்த காது?

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அழித்துவிடச் சொல்லலாம். ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்பார். அதற்குச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லித்தான் தீர வேண்டும். அவர் பக்கத்தில் போனாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"காப்பி வெக்கட்டுங்களா?"

"வெய்யி" என்றார்.

காப்பி கொதிக்கும் முன்பே போன் அடித்தது. பெரியப்பா மகன் பொங்கியண்ணன். மோகனசுந்தரத்துக்கு மூத்தவர், வாயைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும். ஸ்பீக்கரில் அவர் குரல் கம்மிப்போய் வந்தது.

"கேட்டனப்பா சுந்தரம். நெம்ப சந்தோசம்."

"வர்றீங்கல்லங்கண்ணா?"

"வராம? இதுக்கு வராம வேற எதுக்கப்பா வரப்போறேன்? நானே உன்றகிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். நீ எப்படி எடுத்துக்குவயோன்னு ஒரு இது. நீயே மனசு எறங்கிட்ட பாரு."

"மனசு எறங்கறதுக்கு என்னங்கண்ணா இருக்குது? எத்தன நாளைக்குத்தான் ஊட்டுக்குள்ளயே கெடக்கறது. போயிக் கண்ணு நெறையாப் பாத்துட்டு வரலாமுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். என்ன இருந்தாலும் நம்முளுது இல்லீன்னு ஆயிருமா?"

மோகனசுந்தரம் யோசித்தார். "காந்தலூருங்களா? அது இடுக்கி ஜில்லாவாச்சுங்களே."

அந்தப் பக்கம் பொங்கியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சினார். "சந்தோசம் வந்துட்டா உனக்குக் கேலியும் வந்துருது. செரி, கண்ணாடி வளையலு எங்கூட்டுக்காரி வாங்கியாறங்கறா."

"வளையலு எதுக்குங்கண்ணா?"

"அதெல்லாம் பொம்பளைக பாத்துக்குவாங்க. நீ கண்டுக்காத" என்று வைத்துவிட்டார்.

மோகனசுந்தரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்புள்ள, ஆப்பிள் மரம் பாக்கப் போறதுக்கு எதுக்குப் பொங்கியண்ணன் அழுகறாப்ல பேசறாரு?"

"அவிய சுபாவமே அப்படித்தானுங்களே" என்றாள் கோமதி.

குரூப்பில் பூச்செண்டு பூச்செண்டாக வந்து விழுந்தது. கும்பிடுகிற கைகள் வந்தன. தம்பி மகன் ஒருவன், 'பெரிய மனசு பெரியப்பா' என்று போட்டிருந்தான். மோகனசுந்தரம் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு வேன் பிடித்ததற்கு இத்தனை மரியாதையா என்று அவருக்கே உறைக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

கோமதி ஜீவிதாவுக்கு மறுபடி போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மகனுக்குப் பண்ணினாள். பிஸி என்று வந்தது. கிணற்றடிக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். எந்தச் சாமியைக் கும்பிடுவது, என்னவென்று கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்றா? தெரிந்தாலும் கோபம் வரக் கூடாது என்றா?

சாமி முடிவு பண்ணுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வேலந்தாவளத்திலிருந்து பூவாத்தாள். மோகனசுந்தரத்தின் ஒரே அக்கா. ஒரு கையில் துணிக்கடைப் பை, ஒரு கையில் வாழையிலையில் கட்டின பூ. ஆட்டோக்காரனுக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லாமல் நேராக உள்ளே வந்தாள். தம்பியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, உன்னயக் கல்லுன்னு நெனச்சுப்போட்டேன்டா. என்ற வாயக் கழுவோணும்."

"எதுக்குக்கா இப்ப அழுகற? ஞாயித்துக்கெழமதான போறோம்."

"அழுகாம என்ன பண்ணச் சொல்ற. இனி செத்தாத்தான் சேருவீங்கன்னு இருந்தேன். பாரு, சேலை எடுத்தாந்திருக்கேன். அவளுக்குப் பச்சைன்னாப் புடிக்குமில்ல. ஏழு மாசப் புள்ளத்தாச்சி, அப்பனே கட்டுச்சோறு கட்டியாறான்னா அவ வகுறு எப்படிக் குளுரும் பாரு."

கோமதி, "நங்கை" என்று கூப்பிட்டாள். நாத்தனார் திரும்பவில்லை. சத்தம் வெளியே வந்திருந்தால்தானே திரும்புவதற்கு.

மோகனசுந்தரம் அக்காவின் கைகளைக் கன்னத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"ஆரு புள்ளத்தாச்சி?"

பூவாத்தாள் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் கோமதியைப் பார்த்தாள். கோமதி தரையைப் பார்த்தாள். பூவாத்தாள் விவரமான பொம்பளை. எல்லாம் புரிந்துபோய், துணிக்கடைப் பையை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டாள். எதற்கு மறைத்தாளோ.

"ஆரு புள்ளத்தாச்சின்னு கேட்டேன்" என்றார் மறுபடியும். கத்தவில்லை. கத்தியிருந்தால் கோமதி ஒருவழியாகச் சமாளித்திருப்பாள். கத்துகிற மோகனசுந்தரத்தோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறாள். இந்தக் குரலுக்கு அவளுக்குப் பழக்கமில்லை.

"நம்ம யோகா" என்றாள் பூவாத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பேர் அந்தக் கூடத்தில் கேட்டது.

"காந்தலூர்ல எதுக்கு இருக்குறா?"

"மாப்பிளைக்கு அங்கதான் சோலி. பழத்தோட்டத்துல. உனக்கு... தெரிஞ்சுதான் பண்ணறயாக்கும்னு நெனச்சேன் தம்பி."

"பொங்கியண்ணனுக்குத் தெரியுமா?"

பூவாத்தாள் கையிலிருந்த பூப்பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குரூப்புல பூப் போட்டவியளுக்கெல்லாம்?"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கோமதி பக்கம் திரும்பினார்.

"அஞ்சு வகைச் சோறு" என்றார். "பருப்புச்சோறு உனக்குப் புடிக்கும்னு சொன்னயே."

கோமதிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிற்று. மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் பண்ணினது தப்பு என்று ஆகிவிடும். தப்பு என்று ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்படியே நின்றாள்.

"நல்லாருக்குது. அருளும் கூட்டு. ஜீவிதாவும் கூட்டு. ஒரு முட்டாளை வேன்ல ஏத்திக் கொண்டுபோயி, ஆப்பிள் மரத்தடியில நிக்க வெச்சுப்போட்டு, நீங்க போயிச் சீர் பண்ணிட்டு வந்தர்றது. நல்லாருக்குது."

"தம்பி, பெத்தவளப்பா. அவ வேற என்ன பண்ணுவா" என்றாள் பூவாத்தாள்.

"எங்கியும் போகல. ஆரும் போகல. வேனும் இல்ல, சோறும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த போனை எடுத்தார். வாய்க்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலை அழுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம..."

நிறுத்தினார். விரலை ஓரமாக இழுத்து அதை அழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் காத்தால சொன்னதுங்க..."

அதையும் அழித்தார். என்னவென்று சொல்வது? நான் சொன்னது அந்தக் கட்டுச்சோறு இல்லை, வெறும் கட்டுச்சோறு என்றா? என் மகளுக்கு நான் போகவில்லை, மரம் பார்க்கப் போகிறேன் என்றா? மகள் பேரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் பொங்கியண்ணன் முதல் நேற்றுக் குரூப்பில் சேர்ந்த சின்னப் பையன் வரைக்கும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெரிய மனசு என்று சொன்ன வாயெல்லாம் என்ன சொல்லும்? பேசாமல் விட்டாலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வளையலும் பூவுமாக வாசலில் வந்து நிற்பார்கள்.

"என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியில் மனுஷன் பத்து வயசு கூடிப்போனார். கோமதிக்கு அத்தனை பயத்திலும் போய் அவர் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொட என்ன முகம் இருக்கிறது அவளுக்கு?

பூவாத்தாள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். முறுக்கி முறுக்கிப் பிரித்தாள்.

"தம்பி, இன்னொண்ணு. கோவிச்சுக்காத."

அவர் நிமிரவில்லை.

"ஆட்டோவுல வரீல புள்ளைகிட்டப் பேசிப்போட்டேன். சந்தோசத்துல வாய் நிக்கல. நீ பேசுனதையும் அவளுக்கு அனுப்பிப்போட்டேன்."

மோகனசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது.

பேர் எதுவும் வரவில்லை. வெறும் நம்பர். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, யார் என்று தெரியாமல் கோமதியைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். எங்கேயும் குறித்து வைக்கத் தைரியம் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருக்கிற நம்பர். அவள் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"அவளா?"

கோமதி தலையை ஆட்டினாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கட் பண்ணவில்லை. எடுக்கவும் இல்லை. சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி எழுந்து வந்து கோமதியின் கையில் வைத்தார்.

"நீயே பேசு. தப்பாச் சொல்லிப்போட்டாங்கன்னு சொல்லு. அப்பன் டூருக்குத்தான் சொன்னான், உனக்கில்லைன்னு சொல்லிப்போடு."

"நானுங்களா?"

"நீதான ஆரம்பிச்சு வெச்ச. நீயே முடி."

கோமதி பச்சையைத் தொட்டாள். ஸ்பீக்கர் தானாகவே விழித்துக்கொண்டது.

"அப்பா?"

கூடமெல்லாம் அந்தக் குரல். இந்த வீட்டில் பிறந்து, இந்த வீட்டில் சண்டை போட்டு, இந்த வீட்டில் பாட்டுப் பாடின குரல். மோகனசுந்தரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அம்மாதான் கண்ணு" என்றாள் கோமதி.

"அம்மா..." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "அத்தை சொன்னாங்கம்மா. எனக்கு நம்பவே முடியல. அத்தை அனுப்புனதையே போட்டுப் போட்டுக் கேக்கறேன். இவரு, நீ அழுது அழுது புள்ளைய பயமுறுத்தாதன்னு திட்டுறாரு. நெசமாங்கம்மா? கட்டுச்சோறுன்னு அப்பா வாயாலதான் சொன்னாங்களா? ஆரும் சொல்லிக் குடுத்துச் சொல்லலயே?"

கோமதி கணவனைப் பார்த்தாள். அவர் இவள் பக்கம் திரும்பியிருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். சொல்லு, சொல்லு என்று கையைக் காட்டினார்.

ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள்? ஆமாம் என்று சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பூவாத்தாளைப் பார்த்தாள். அவளோ பூப்பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கேட்பதற்கு ஆள் இல்லை.

"ஆமா கண்ணு" என்றாள் கோமதி. "ஆரும் சொல்லிக் குடுக்கல. உங்கப்பா வாயாலதான் சொன்னாங்க."

ஒரு எழுத்துப் பொய் இல்லை அதில். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்யும் அதுதான்.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தூரத்தில் ரிஜின் ஏதோ கேட்பதும் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்ன வயசில் கேட்கிற அதே மாதிரி கேட்டாள்.

"அப்பாகிட்டக் குடுங்கம்மா."

கோமதி போனை நீட்டினாள்.

மோகனசுந்தரம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சொன்னதைச் செய்யாத பெண்டாட்டியைக் கண்ணாலேயே எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிப்போயிற்று.

"அப்பா? இருக்கீங்களாப்பா?"

அவர் வாங்கவும் இல்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை.

"அப்பா..."

நீட்டின கையைக் கோமதி மடக்கவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது.